படியும் பேச்சும்

உம்பர்த்தோ எக்கோ, 1980இல் வெளிவந்த 'ரோஜாவின் பெயர்' நாவலால் உலகறிந்த இத்தாலியர். ழான்-க்ளோத் கரியேர், லூயி புனுவெலின் பிற்காலப் படங்கள் பலவற்றுக்குத் திரைக்கதை எழுதிய பிரெஞ்சுக்காரர். பல்லாயிரம் நூல்களைச் சேர்த்து வைத்த புத்தகப் பித்தர்களான இவ்விருவரின் உரையாடல், ழான்-பிலிப் தெ தொன்னாக் நெறிப்படுத்த, 2009இல் பிரெஞ்சில் நூலாக வந்தது. ஒரு நூலோ படமோ எதனால் நிலைக்கிறது என்ற கேள்வி அதன் பக்கங்களெங்கும் ஓடுகிறது.

15ஆம் நூற்றாண்டில் அச்சான லத்தீன் நூலொன்றைக் கரியேர் எடுத்துக்காட்டுகிறார். இன்றும் அதைப் படிக்கலாம். நேற்று வாங்கிய குறுந்தகட்டை ஓட்டத்தான் கருவி இல்லை. ஆனால் வீடு தீப்பற்றினால் முதலில் எதைக் காப்பீர்கள் என்று கேட்டால், தம் முப்பதாண்டு எழுத்துகள் அடங்கிய ஹார்டு டிஸ்க்கை என்கிறார் எக்கோ. அச்சு நூலுக்காக வாதாடுபவர் இப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. அச்சானதற்குப் படிகள் வேறிடத்தில் இருக்கும். அச்சேறாத எழுத்துக்கு அந்த ஒரு பெட்டிதான் கதி.

படிகள் அழிந்தவற்றின் கதை பெரியது. அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலில் குறிப்பிடும் துன்பியல் நாடகங்களில் பல இன்றில்லை. அப்படியானால் நமக்குக் கிடைத்த சோபக்ளிசும் யூரிப்பிடிசும்தான் சிறந்தவர்களா என்று எக்கோ ஐயுறுகிறார். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருளில் பதிவான திரைப்படத்துக்கு ஆயுள் இன்னும் குறைவு. கார்ல் டிரையரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' (1928) படத்தின் மூல நெகட்டிவ் தீயில் போயிற்று. முழுமையான பழைய படியொன்று 1981இல் ஆஸ்லோவின் மனநல மருத்துவமனை ஒன்றில் அகப்பட்டது. தகுதியால் மட்டும் எதுவும் தப்புவதில்லை, தற்செயலுக்கும் பங்குண்டு.

படி கிடைத்தால் மட்டும் போதுமா? மகாபாரதத்தின் மூன்று பதிப்புகள் தம்மிடம் இருந்தும் படித்ததில்லை என்று எக்கோ கூசாமல் சொல்கிறார். 'போரும் அமைதியும்' நாவலை நாற்பது வயதில்தான் படித்தாராம். அதற்கு முன்பே கதை தெரியும். பிறர் பேசிப் பேசி அது அவரை எட்டியிருந்தது. படிக்காதவரிடம் கதையைக் கொண்டுசேர்க்கும் அந்த வேலையைக் கரியேர் பெரிய அளவில் செய்தவர். பீட்டர் புரூக்கின் இயக்கத்துக்காக அவர் எழுதிய மகாபாரத நாடகம் 1985இல் அவிஞ்ஞோன் விழாவில் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் நடந்தது. பல மேற்கத்தியருக்கு வியாச காவியம் அறிமுகமான வழி அது.

பேசப்படும் படைப்பு பேச்சினாலேயே தடிக்கிறது. 'ஹாம்லெட்' நாடகத்தை நாம் படிக்கையில் முந்தைய வாசகர்களின் பொருள்கோள்களும் சேர்ந்தே வருகின்றன. 'காசாபிளாங்கா' (1942) பற்றி எக்கோ தனியே எழுதியதும் இதற்குத் துணை நிற்கும்: பழகிய கதைக்கூறுகள் ஒன்றிரண்டாக அல்லாமல் மொத்தமாகக் குவிந்ததால்தான் அது ரசிகர் நெஞ்சில் வழிபாட்டுப் படமாயிற்று.

படியைக் காப்பது நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் உரிய கடமை. எதைத் தேட வேண்டும், கிடைத்ததை எப்படி இனங்காண்பது என்ற அறிவோ நண்பர்கள் ஓயாமல் பேசும் பேச்சில் வளர்கிறது. அந்தப் பேச்சு அற்றுப்போன ஊரில் அரிய படச்சுருளும் பழைய தகரப் பெட்டியாகவே எடைக்குப் போகும்.