வலம்புரிச் சங்கும் வாயிலுள்ள மடிப்பும்

பதிவு கொஞ்சம் நீளம். இரவுச் சாப்பாடு முடிந்து ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை ஒரு மாணவன் இடைவேளை நேரம் என்னிடம் வந்து, "சேர், வலம்புரிச் சங்கு உண்மையா?" என்று கேட்டான். உண்மைதான் என்றேன். "அப்ப அது எவ்வளவு போகும்?" என்றான். அந்தக் கேள்வி வந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. விசாரித்தால், அவனுடைய மாமா நகையை ஈடுவைத்து ஒரு சங்கு வாங்கி வைத்திருக்கிறாராம். கொழும்பில் பெரிய ஆளுக்கு விற்றுத் தருவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். வலம்புரிச் சங்கு விற்கப் போய்ப் பிடிபட்டவர்களின் செய்தி மாதத்துக்கு ஒன்றாவது நம்முடைய வட்ஸ்அப்புக்கு வருகிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் சங்கு என்றால் என்ன? கல்லுமில்லை, எலும்புமில்லை. கடல் நத்தை ஒன்று தன் உடம்பிலிருந்து சுரந்து கட்டிய வீடு. பொருள் கல்சியம் காபனேற்று. நாங்கள் எட்டாம் வகுப்பில் படிப்பிக்கும் சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள்தான். ஆனால் சங்கில் அது அரகனைற்று என்ற படிக வடிவில் இருக்கிறது. முத்தும் அதே அரகனைற்றுத்தான். முத்தில் அது மெல்லிய தகடுகளாக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி பட்டு மினுங்கும். சங்கிலோ நுண்ணிய நார்போன்ற படிகங்கள் ஒட்டுப்பலகை மாதிரி ஒன்றுக்கொன்று குறுக்காகக் கிடக்கின்றன. இடையிடையே மிகச் சிறிதளவு புரதம் பசைபோலப் பிடித்திருக்கிறது. வெடிப்பு ஒன்று விழுந்தால் நேராக ஓட முடியாமல் திரும்பித் திரும்பிக் களைத்துப் போகும். சங்கு மினுங்காமல் பீங்கான் வெள்ளையாக இருப்பதும், கையிலிருந்து தவறி விழுந்தாலும் இலேசில் உடையாததும் இதனால்தான்.

உடைந்த சங்குத் துண்டில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள், நுரைக்கும். வெளியேறுவது காபனீரொட்சைட்டு. பிளாஸ்ரிக்கில் வார்த்த போலி நுரைக்காது. இது முதல் சோதனை.

இனி வலம்புரி. சங்கின் கூம்பைக் கீழேயும் நீண்ட வாய்க்குழலை மேலேயும் பிடித்து, வாய் உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். சாதாரண சங்கில் வாய் இடப்பக்கம் திறக்கும். வலம்புரியில் வலப்பக்கம். விஞ்ஞானிகள் கூம்பை மேலே வைத்துப் பார்ப்பதால் அவர்கள் புத்தகத்தில் இதற்குப் பெயர் இடஞ்சுழி. இரண்டு பேரும் சொல்வது ஒரே சங்கைத்தான். குழம்ப வேண்டாம். நத்தை எந்தப் பக்கம் சுற்றும் என்பது கருவில் கலங்கள் பிரியத் தொடங்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. பல நத்தை இனங்களில் இதைத் தீர்மானிப்பது தாயின் மரபணு. ஆக வலம்புரியின் பொருளில் ஒரு விசேசமும் இல்லை. அதே கல்சியம் காபனேற்று, அதே படிகம், சுற்று மட்டும் மறுபக்கம். இலட்சக்கணக்கில் ஒன்று என்று கடலில் தொழில் செய்பவர்கள் சொல்வார்கள். இந்து மக்கள் அதைத் திருமாலோடும் இலட்சுமியோடும் சேர்த்து மதிப்பது அவர்களுடைய நம்பிக்கை. அதில் நான் கைவைக்கவில்லை. நான் பேசுவது அந்த நம்பிக்கையை விலைபேசுகிறவர்களைப் பற்றி.

அமெரிக்காவில், மெக்சிக்கோ வளைகுடாக் கரைகளில் ஒரு பெரிய கடல் நத்தை உண்டு. அந்த இனத்தில் அநேகமாக எல்லாமே இயற்கையாக அந்தப் பக்கம்தான் சுற்றும். அங்கே கடற்கரைக் கடைகளில் அழகுப் பொருளாகக் கிடக்கும். அதைத்தான் வலம்புரி என்று நம் தலையில் கட்டுகிறார்கள். அதுவும் ஓடுதான், அதனால் அதுவும் நுரைக்கும். முதல் சோதனை இங்கே உதவாது. வாய்க்குள் நடுத்தண்டைப் பாருங்கள். நம்முடைய சங்கில் அங்கே மூன்று நான்கு மடிப்புகள் வரம்பு கட்டியதுபோலத் தெளிவாக நிற்கும், விரலால் தடவினால் தட்டுப்படும். அமெரிக்க நத்தையில் அந்த இடம் வழுவழுப்பாக இருக்கும்.

இந்த மடிப்புள்ள சங்குக்கு நம்முடைய கடல் பெயர்போனது. ஊர்காவற்றுறையைப் பற்றிப் பேசும்போது யானையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். போர்த்துக்கேயர் 'யானைத்துறை' என்று வைத்த பெயரிலிருந்தே கயிற்ஸ் வந்தது. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வைத்த தமிழ்க் கல்வெட்டிலும், யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு, மற்ற வணிகக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்று இருக்கிறது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் அதில் சொல்லப்படுகிறது. எண்ணூறு வருடத்துக்கு முன்பே இந்தத் துறை வெளியூராருக்கு இடம் கொடுத்தது என்பதை நான் வகுப்பில் எப்போதும் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்வேன். 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது அரசன் முன்னால் குவிந்திருந்தது முத்து. சங்கைப் பற்றி அவர் பெரிதாகப் பேசவில்லை. சங்கு ஏழைவீட்டுப் பிள்ளை மாதிரி, வேலையெல்லாம் அதுதான் செய்யும், பெயர் முத்துக்கு.

சங்கு போனது வங்காளத்துக்கு. டாக்காவின் சாங்காரி பஜாரில் பிறைவடிவ இரும்பு வாளால் சங்கை வளையம் வளையமாக அறுத்து, கலியாணமான இந்துப் பெண்களுக்கு வெள்ளை வளையல் செய்தார்கள். தென்கரையில் குளித்து எடுத்தவர்களில் பரவரும் இருந்தார்கள், கீழக்கரை முஸ்லிம்களும் இருந்தார்கள். வாங்கி ஏற்றிய மரக்காயர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலோ இன்னொரு வழியும் இருந்தது. ஆழமில்லாத பரவைக்கடலில் சேற்றை இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து, புதைந்து கிடக்கும் பழஞ்சங்கைத் தோண்டி எடுப்பார்கள். புரதப்பசை போய்ச் சுண்ணாம்பு பூத்திருக்கும் அந்தச் சங்குக்கு விலை குறைவு. உயிர்ச்சங்குக்குத்தான் மதிப்பு. இந்தத் தொழிலுக்கென்று 1890இல் தனிச் சட்டமே வந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு சங்கு உண்டு, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சின்னச் சங்கு. 1990 ஒக்டோபரில் வெளியேறியபோது உம்மம்மா சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுபோனது. அடுத்த வருடம் புத்தளத்து முகாமில் பிறந்த எனக்கு அதில்தான் பால் புகட்டினார்களாம். விளிம்பில் சின்ன உடைவு இருக்கிறது. யார் போட்டது என்று உம்மாவுக்கும் மாமிக்கும் இன்றுவரை வழக்குத் தீரவில்லை.

இப்போது சங்கு எடுப்பவர்கள் சிலிண்டர் கட்டி இறங்குகிறார்கள். மூச்சடக்கிக் குளித்த காலத்தில் ஆழமே ஒரு வேலியாக இருந்தது. சிலிண்டர் அந்த வேலியை எடுத்துவிட்டது. ஆழத்தில் நெடுநேரம் நின்றால் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரையும். சட்டென்று மேலே வந்தால் சோடாப் போத்தல் திறந்தமாதிரிக் குமிழாகும். அப்படி இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருக்கும் ஒரு பழைய மாணவனை எனக்குத் தெரியும். வயது இருபத்தாறு. பிள்ளைகளே, மெதுவாக, இடையிடையே நின்று நின்று மேலே வாருங்கள்.

சங்கின் பக்கமும் ஒரு கதை இருக்கிறது. அதன் முட்டைக்கூடு ஆட்டுக்கொம்புபோல முறுகியிருக்கும். சங்குப்பூ என்பார்கள். மற்றப் பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தூரம் போகும். சங்குக் குஞ்சு கூட்டுக்குள்ளேயே ஓடு கட்டி, வெளியே வந்ததும் அந்த மணலிலேயே ஊர்ந்து திரியும். ஆகவே ஓரிடத்தில் துப்புரவாக வாரிவிட்டால் வேறு கடலிலிருந்து அது மிதந்து வந்து நிரப்பாது. 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த விட்டமுள்ளதை எடுக்கக்கூடாது என்ற விதி இதற்காகத்தான். முற்றத்தில் காயப்போட்டிருக்கும் குவியலில் அதைவிடச் சின்னது எத்தனை என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நேற்று மாலை அந்த மாமா சங்கோடு பாடசாலைக்கு வந்தார். துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலப் பிடித்திருந்தார். வாய் வலப்பக்கம்தான் திறந்தது. "அண்ணை, உள்ளுக்கு விரலை விட்டுத் தடவிப் பாருங்கோ" என்று என் மேசையிலிருந்த சாதாரணச் சங்கை முதலில் கொடுத்தேன். பிறகு அவருடையதை. இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றித் தடவினார். பிறகு, "ஈட்டுச் சீட்டுக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு, சேர்" என்று சொல்லிவிட்டு அதைத் திரும்பவும் துணியில் சுற்றினார்.

அவருக்கு அதை விற்றவர்கள் இந்தத் தீவுப்பக்கமே இன்னும் திரிகிறார்கள். உங்களிடமும் வந்தால், முதலில் விரலை உள்ளே விட்டுப் பாருங்கள்.