ஷெட்டில் பிறந்த பாட்டு



நம் வள்ளூர் பக்கம் யாரும் 'கராஜ்' என்று சொல்வதில்லை. லாரி ஷெட், மெக்கானிக் ஷெட்தான். போன வாரம் பேரன் 'கராஜ் ராக்' என்று ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். வெள்ளைக்காரன் என்று நினைத்தேன். இல்லை, ஸ்க்ராட் என்ற நம் சென்னைப் பிள்ளைகள். 2006-இல் தொடங்கிய குழு. ஸ்ரீராம் பாடிக்கொண்டே கிடார் வாசிக்கிறார், சதீஷ் பேஸ் கிடார், தபஸ் டிரம்ஸ். அவர்களுடைய ஆல்பம் ஒன்றின் பெயரே 'இன் தி ஷெட்'! பிறகு 'தி குயின்', 'பைசன்' என்று வந்திருக்கின்றன. சினிமாப் பாட்டே எல்லாமாக இருக்கும் ஊரில் சொந்தப் பாட்டை, அதுவும் ஆங்கிலத்தில், விடாமல் பாடுவது லேசான காரியமா?

பெயர்க் காரணம் சுவையானது. 1960-களில் பீட்டில்ஸைக் கேட்டுக் கிறுக்குப் பிடித்த அமெரிக்கப் பள்ளிப் பையன்கள், வீட்டுக் கார் ஷெட்டில் மலிவான கிடாரோடு கூடிக் கத்தினார்கள். சுருதி பிசகும், உயிர் இருக்கும். அந்த அலை ஓய்ந்து, 2000 வாக்கில் மறுபடி எழுந்தது. கார் தொழிற்சாலை நகரமான டெட்ராய்ட்டில் 1997-இல் தொடங்கிய 'ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்' அதில் முக்கியமானது. இரண்டே பேர். ஜாக் ஒயிட் அதற்கு முன் சோபாவுக்கு உறை தைக்கும் வேலை பார்த்தவர். 2003-இல் வந்த 'எலிஃபன்ட்' ஆல்பத்தைக் கம்ப்யூட்டரே தொடாமல் பழைய கருவிகளில் பதிவு செய்தார்கள். 2011-இல் குழுவைக் கலைத்துவிட்டார்கள்.

ஆனால் முதல் அலையும் சென்னையைத் தொட்டிருக்கிறது! சிம்லா சிகரெட் பெயரில் நடந்த 'சிம்லா பீட்' போட்டியின் 1970 இசைத்தட்டில் ஒரு மெட்ராஸ் குழு உண்டு. பெயர் 'ஜெனுயின் ஸ்பேர்ஸ்'. நம் ஜி.என்.டி. ரோட்டு உதிரிபாகக் கடை போர்டு மாதிரி இல்லை? தட்டில் ஏறியதால் அவர்கள் குரல் இன்றும் கேட்கிறது. தட்டில் ஏறாத குழுக்கள் எத்தனையோ.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சைத் தட்டிக்கொண்டே இருந்த ஒருவனை வாரம் முழுக்க வெளியே நிறுத்தினேன். அதன்பின் அவன் தட்டவே இல்லை. இப்போது சிப்காட்டில் ஷிப்ட் சூப்பர்வைசர் என்று கேள்வி.

தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுது. அன்று நீ தட்டியது என்ன தாளம்?