எழுதாத நிபந்தனை: செட்டில்மெண்ட் பத்திரங்களும் முதியோர் சட்டத்தின் 23-ஆம் பிரிவும்

தமிழகத்தில் வீட்டையோ நிலத்தையோ பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கும் பெற்றோர் பலர் உயிலை விட்டுவிட்டு தான செட்டில்மெண்டை நாடுகிறார்கள். உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை. இருந்தும் எழுதியவர் போன பிறகு சாட்சியைத் தேடிப் பிடிக்க வேண்டும், கூடப் பிறந்தவர்கள் வழக்குப் போடுவார்கள் என்ற பயம். செட்டில்மெண்ட் என்றால் பட்டாவை உடனே மாற்றிக்கொள்ளலாம். செலவும் குறைவு: குடும்ப உறுப்பினருக்கு எழுதும்போது முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய்தான்.

ஆனால் உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்டில் வழக்கமான வாசகத்தோடு கையெழுத்திட்டுப் பதிந்துவிட்டால் சொத்து அன்றே கைமாறிவிடுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி, இன்னது நடந்தால் தானம் ரத்தாகும் என்று இருவரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மோசடி, வற்புறுத்தல் போன்ற குறையை நிரூபிக்க வேண்டும். மகன் சோறு போடவில்லை என்பது மட்டும் அங்கே எடுபடாது.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. அடிப்படை வசதிகளைச் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அறுபது வயது கடந்தவர் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதைச் செய்ய மறுத்தால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகவே கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என அறிவிக்கலாம். தமிழகத்தில் வருவாய்க் கோட்டாட்சியரே அந்தத் தீர்ப்பாயம். சிவில் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் அலைய வேண்டியதில்லை.

சிக்கல் ‘நிபந்தனையோடு’ என்ற சொல்லில் இருக்கிறது. நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதித்தான் ஆக வேண்டுமா? 2022 டிசம்பரில் சுதேஷ் சிகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும், அன்பினால் கொடுத்த சொத்தில் அதைத் தானாக ஊகிக்க முடியாது என்றது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் இன்னொரு அமர்வு, இது முதியோரைக் காக்க வந்த சட்டம், தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, தாய் எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்து வழக்கொன்றில் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மகனுக்கு எழுதிக் கொடுத்த எண்பது கடந்த தாய், மகன் இறந்த பின் மருமகள் கவனிக்கவில்லை என்று கோட்டாட்சியரிடம் போனார். ‘அன்பும் பாசமும்’ என்பதே மறைமுக நிபந்தனைதான் என்று சொல்லி, செட்டில்மெண்டை ரத்து செய்த உத்தரவை உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

மனிதாபிமானமான தீர்ப்பு; அந்தத் தாய்க்கு நீதி கிடைத்தது. ஆனாலும் முதியோரின் காப்பை மறைமுக நிபந்தனையின் மேல் மட்டும் நிறுத்துவது பலவீனமான வழி என்பதே என் வாதம். முதலாவது, ஊர்மிளா தீட்சித் வழக்கில் நிபந்தனை எழுத்திலேயே இருந்தது. பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் தந்ததாகத் தாய் காட்டிய உறுதிப் பத்திரம் ஒன்றும் உண்டு. ஆகவே எழுத்தே வேண்டாம் என்பதற்கு அதை முழு ஆதாரமாகக் கொள்ள முடியாது. இரண்டும் இரு நீதிபதிகள் அமர்வின் தீர்ப்புகள் என்பதால் சுதேஷ் சிகாராவும் அழிந்துவிடவில்லை. எண்பது வயதுத் தாய் எந்த அமர்வின் முன் போய் நிற்பார் என்பதைப் பொறுத்து முடிவு மாறக்கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து மூன்றாம் நபர். 23-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, சொத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமையைப் பற்றியது. விஷயம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவருக்கு எதிராக அந்த உரிமை செல்லாது. பத்திரத்தில் எழுதிப் பதிந்த நிபந்தனையை வாங்குபவர் தெரியாது என்று சொல்ல முடியாது. வில்லங்கம் பார்க்கும்போது மூலப் பத்திரத்தில் அது கண்ணில் படும். மனதில் மட்டும் இருந்த நிபந்தனையை எந்த வில்லங்கச் சான்று காட்டும்?

பத்திரத்தில் இப்போது என்ன எழுதுகிறார்கள்? ‘தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று தொடங்கி, ‘இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன், தானாதி வினியோக விற்கிரையங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று போய், ‘எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை’ என்று முடிகிறது. வழக்கமாக ஆவண எழுத்தரை அழைத்து வருபவர் மகன். கூலி கொடுப்பதும் அவரே. யாருக்காக எழுதப்படுகிறது என்பதை அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

படிப்பறிவில்லாத பெற்றோரிடம் நிபந்தனையை ஏன் எழுதவில்லை என்று கேட்பது நியாயமா என்பார்கள். நியாயமில்லை. அதனால்தான் கேள்வியைச் சார்பதிவாளர் மேஜைக்கு நகர்த்த வேண்டும் என்கிறேன். எழுதிக் கொடுத்தது தாம்தானா என்று அங்கே கேட்கிறார்கள். பராமரிப்பு வாசகம் இருக்கிறதா, வேண்டாம் என்றால் தெரிந்துதான் விடுகிறீர்களா என்று சேர்த்துக் கேட்க ஒரு நிமிஷம் போதும். நிபந்தனையுள்ள சொத்தின் மேல் வங்கி கடன் தரத் தயங்கும் என்ற வாதமும் உண்டு. தாய் குடியிருக்கும் வீட்டை அவர் உயிரோடு இருக்கும்போதே அடமானம் வைக்கும் வசதியை எதற்காகக் காக்க வேண்டும்?

ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையைத் தமக்கே வைத்துக்கொண்டு எழுதிய தானமும் செல்லும் என்று ரேணிகுண்ட்ல ராஜம்மா வழக்கில் 2014-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஆக சட்டத்தில் தடை எதுவும் இல்லை. ஆயுள் அனுபவ உரிமை, பராமரிப்பு நிபந்தனை, தவறினால் 23-ஆம் பிரிவின்படி ரத்து ஆகிய மூன்றையும் பதிவுத்துறை தன் செட்டில்மெண்ட் மாதிரிப் படிவத்தில் சேர்க்க வேண்டும். அதுவரை, எழுதிக் கொடுக்கும் பெற்றோர் இந்த மூன்றும் இல்லாத பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம்.