கதிரையில் இருப்பவருக்கும் அசைவு வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வருத்தக்காரர், வயதானவர் இருப்பவர்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஏழு மாதமாகிறது. வலது கையும் காலும் இன்னும் முழுமையாக வழிக்கு வரவில்லை. இயன்மருத்துவர் சொன்னபடி ஒரு சின்னப் பெடல் கருவி வாங்கினேன். சைக்கிளின் பெடல்களை மட்டும் கழற்றி ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டியதுபோல் இருக்கும். கதிரையில் இருந்தபடி மிதிக்கலாம். மேசையில் வைத்தால் கையாலும் சுற்றலாம்.

வாப்பாவைப் பார்க்க வந்த சொந்தக்கார மாமா ஒருவர் அதைக் கண்டுவிட்டு, "என்ன மகன், வருத்தக்கார மனிசன இப்படிப் போட்டு வதைக்கிறீங்க? சும்மா இருக்க விடுங்களன். இது ஜிம்முக்குப் போற பொடியன்மார்ர சாமான்" என்றார்.

அவர் இரக்கத்தில்தான் சொன்னார். நமது வீடுகளில் எல்லோரும் சொல்வதும் இதுதான். நானும் ஆரம்பத்தில் வாப்பாவைத் தண்ணீர்க் கோப்பை எடுக்கக்கூட விடவில்லை. ஆனால் அந்த வார்த்தை மனதில் கிடந்தது. வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். கதை நேர்மாறாக இருந்தது. ஜிம்மில் இருக்கும் இயந்திரங்களின் மூதாதையர் பலர் நோயாளிகளுக்காகச் செய்யப்பட்டவர்கள். வசதி படைத்தவர்கள் அவற்றைப் பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள்.

நம்மவர் ஒருவரிடமிருந்தே தொடங்குவோம். 1037 இல் வபாத்தான இப்னு சீனா, 'அல்-கானூன்' என்ற தனது மருத்துவ நூலில் உடற்பயிற்சிக்கென்று தனியாக ஒரு பகுதி வைத்திருக்கிறார். மல்யுத்தம், ஓட்டம் போன்ற கடினமான பயிற்சிகளோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஊஞ்சலாடுதல், வண்டியில் போதல், கரையோரமாகத் தோணியில் போதல் ஆகியவற்றையும் மென்மையான பயிற்சிகளாகச் சேர்க்கிறார். தானாக அசைய முடியாத உடம்பை வேறொன்றால் அசைக்கலாம் என்பதே இதன் பொருள். கிரேக்க மருத்துவர் கலேனிடமும் இந்தச் சிந்தனை இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் அல்-கானூன் லத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது.

அடுத்து 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு வருவோம். குதிரைச் சவாரியே உடம்புக்கு மிகச் சிறந்தது என்று வைத்தியர்கள் சொன்ன காலம் அது. குதிரையில் ஏற முடியாதவர் என்ன செய்வது? அதற்காக 'அறைக் குதிரை' என்று ஒரு கதிரை செய்தார்கள். கொல்லனின் துருத்திபோல் மடிப்பு மடிப்பான தோல் இருக்கை, உள்ளே பலகைகளும் சுருள் வில்லுகளும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதில் மேலும் கீழுமாக எம்ப வேண்டும். மெதடிஸ்த சபையை உருவாக்கிய ஜோன் வெஸ்லியிடம் இப்படி ஒன்று இருந்தது. லண்டனில் அவர் வாழ்ந்த வீட்டில் இப்போதும் அதைப் பார்க்கலாம். தளபாட வடிவமைப்பாளர் தோமஸ் ஷெரட்டன் 1793 இல் வெளியிட்ட நூலிலும் இதன் வரைபடம் உண்டு. உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிக்கென்றே ஒரு தளபாடம், அதுவும் 200 வருடங்களுக்கு முன்னரே!

1796 இல் லண்டனில் பிரான்சிஸ் லௌண்டஸ் என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 'ஜிம்னாஸ்டிகன்' என்பது அதன் பெயர். காலுக்கு மிதிகள், கைக்குச் சுழற்றும் பிடிகள், இரண்டையும் இணைக்கும் சில்லுகள். வாதநோயாலும் மூட்டு நோயாலும் முடங்கியவர்களை மனதில் வைத்தே அவர் அதைச் செய்தார். கணக்கு எழுதும் வியாபாரியும் புத்தகம் படிக்கும் மாணவனும்கூட வேலையை விடாமலே இதில் கால்களை அசைத்துக்கொண்டிருக்கலாம், பலம் போதாவிட்டால் ஒரு சிறு பிள்ளை உதவினால் போதும் என்று அந்தக் காலத்தில் அதைப் பற்றி எழுதினார்கள். எங்கள் வீட்டில் இருக்கும் பெடல் கருவியின் பாட்டன் இதுதான்.

இந்த வரலாற்றில் மிகப் பெரிய பெயர் குஸ்தாவ் சாண்டர். சுவீடன் நாட்டு மருத்துவர், 1835 இல் பிறந்தவர். அந்த நாட்டில் பெர் ஹென்றிக் லிங் என்பவர் ஏற்கனவே ஒரு பயிற்சி முறையை வளர்த்திருந்தார். பயிற்றுநர் ஒருவர் நோயாளியின் கையையோ காலையோ பிடித்து அசைப்பார், அல்லது நோயாளி அசைக்கும்போது எதிராக அழுத்துவார். நல்ல முறைதான். ஆனால் பயிற்றுநரின் கை களைத்துப்போகும். இன்று கொடுத்த அழுத்தமும் நாளை கொடுக்கும் அழுத்தமும் ஒன்றாக இருக்காது. நோயாளிகள் கூடினால் பயிற்றுநர்களும் கூட வேண்டும்.

சாண்டர் அந்தக் கையின் வேலையை நெம்புகோலுக்குக் கொடுத்தார். நெம்புகோலில் ஓர் எடை இருக்கும். அதைத் தள்ளி வைத்தால் பாரம் கூடும், கிட்ட வைத்தால் குறையும். மருந்தை அளந்து கொடுப்பதுபோல் பாரத்தையும் அளந்து கொடுக்கலாம், கிழமைக்குக் கிழமை கொஞ்சமாகக் கூட்டலாம். 1865 இல் ஸ்டொக்ஹோமில் 27 இயந்திரங்களோடு தனது நிலையத்தைத் திறந்தார். பல இயந்திரங்கள் உட்கார்ந்தபடியே செய்பவை. சிலவற்றை நோயாளி தன் பலத்தால் இயக்குவார். தானாக அசைக்க முடியாதவர்களுக்காக நீராவி இயந்திரத்தால் இயங்குபவையும் இருந்தன. இன்று ஜிம்மில் எடைத் தட்டுக்கு ஊசி மாற்றிக் குத்தும் பொடியன்மார் செய்வது சாண்டரின் வேலையைத்தான்.

1876 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா கண்காட்சிக்கு அவரது இயந்திரங்கள் போயின. பிறகு பல நாடுகளில் சாண்டர் நிலையங்கள் முளைத்தன. ஜேர்மனியில் 1884 இல் வேலைத்தள விபத்துக் காப்புறுதிச் சட்டம் வந்தபின், காயப்பட்ட தொழிலாளர்களை இந்த இயந்திரங்களுக்கு அனுப்பினார்கள். ஆனால் அங்கே ஒரு கசப்பும் இருந்தது. தங்களைச் சுகப்படுத்துவதைவிட நட்டஈட்டுப் பணத்தைக் குறைப்பதே நோக்கம் என்று தொழிலாளர்கள் சந்தேகப்பட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கருவி நல்லதாக இருந்தாலும் யார், என்ன எண்ணத்தோடு கொடுக்கிறார் என்பது முக்கியம். நிய்யத் பிழைத்தால் மருந்தும் தண்டனைபோல் தெரியும்.

மறுபக்கத்தில் பணக்காரர்களும் இந்த இயந்திரங்களை விரும்பினார்கள். 1912 இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் முதல் வகுப்புப் பயணிகளுக்கு ஒரு உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. அதில் மின்சாரக் குதிரை மட்டுமல்ல, ஏறி உட்காரும் மின்சார ஒட்டகமும் இருந்தது! சாண்டர் முறை இயந்திரங்களைச் செய்த ஜேர்மன் நிறுவனம்தான் அவற்றையும் செய்தது. நோயாளிக்காகப் பிறந்த இயந்திரம் இப்படித்தான் செல்வந்தரின் பொழுதுபோக்காக மாறியது.

எல்லாம் விலை கூடிய இயந்திரங்கள் என்று நினைக்க வேண்டாம். முதலாம் உலகப் போரில் காயப்பட்ட படைவீரர்களுக்கு வைத்தியசாலைகளில் நெசவுத் தறியையும் மிதித்து இயக்கும் மரவேலைக் கருவிகளையும் கொடுத்தார்கள். நெய்யும்போது தோள், முழங்கை, விரல், கணுக்கால் எல்லாம் அசையும். வேலையும் நடக்கும், மனதும் தேறும். மருதமுனைப் பக்கம் கைத்தறியில் உட்கார்ந்து நெய்தவர்களைக் கண்டவர்களுக்கு இது புரியும். காலால் மிதித்து, கையால் நாடாவை ஓட்டி, கண்ணால் நூலைப் பார்த்துக்கொண்டு இருந்த இடத்திலேயே முழு உடம்பும் வேலை செய்யும். நமது உம்மாமார் மிதித்த தையல் மெஷினும் அப்படித்தான்.

இனி மாமாவின் கேள்விக்கு வருகிறேன். "சும்மா இருக்க விடுங்களன்" என்பதை ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். மாரடைப்பு வந்தவரை 4 முதல் 6 கிழமைகள் கட்டிலிலேயே கிடத்துவார்கள். சாப்பாட்டைக்கூடத் தாதி ஊட்டிவிட வேண்டும். இதயத்துக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்பது நினைப்பு. ஆனால் அசையாத காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்ப் பலர் இறந்தார்கள். 1947 இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளை உறுப்பு உறுப்பாக எடுத்து எழுதினார். தசை மெலியும், மூட்டு இறுகும், படுக்கைப்புண் வரும், மலச்சிக்கல் வரும், கடைசியில் மனமும் சோரும்.

1952 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லௌன் என்ற இரு மருத்துவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்த 81 நோயாளிகளைக் கட்டிலில் கிடத்தாமல், ஆரம்ப நாட்களிலேயே கதிரையில் உட்கார வைத்துப் பார்த்திருந்தார்கள். உடனிருந்த இளம் மருத்துவர்களே இது கொடுமை என்று எதிர்த்தார்களாம். நோயாளிகளோ நன்றாகத் தேறினார்கள். ஒரு சாதாரணக் கதிரை மருந்தாகிய கதை இது. அதில் ஒருவரான லௌன் பிறகு இணைந்து தொடங்கிய மருத்துவர் அமைப்புக்கு 1985 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கடைசியாக இன்னொருவர், லுட்விக் குட்மன். நாசிகளிடமிருந்து தப்பி 1939 இல் இங்கிலாந்துக்கு அகதியாக வந்த யூத மருத்துவர். 1944 இல் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில், முள்ளந்தண்டில் காயப்பட்ட படைவீரர்களின் பிரிவை அவரிடம் ஒப்படைத்தார்கள். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்துவிடுவார்கள் என்றே அப்போது எல்லோரும் நம்பினார்கள். குட்மன் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டச் செய்தார். பிறகு உட்காரப் பழக்கினார், பந்து எறிய வைத்தார், தச்சு வேலை கொடுத்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடி ஊன்றுகோலால் போலோ விளையாடவும் வைத்தார்.

1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள். வைத்தியசாலை முற்றத்தில் 16 பேர் சக்கர நாற்காலியில் இருந்து வில் வளைத்துப் போட்டியிட்டார்கள். 12 வருடம் கழித்து 1960 இல் ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேர் கலந்துகொண்ட போட்டியாக அது வளர்ந்தது. இன்று நாம் பராலிம்பிக் என்று தொலைக்காட்சியில் பார்ப்பது அதைத்தான். சாகக் கிடக்கிறார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் வார்டில் இருந்து தொடங்கியது அது.

நமக்கு இது புதிய பாடமும் இல்லை. மூல நோயால் கஷ்டப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள், நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ வழிகாட்டினார்கள். வருத்தம் வந்துவிட்டது, எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. முடிந்த அளவுக்குச் செய்வதற்கு ஒரு வழி திறந்துவிட்டார்கள். நமது பள்ளியின் பின் வரிசையில் கதிரைகள் கூடிக்கொண்டே போவதைப் பார்க்கிறோம். தொழுகைக்குக் கதிரை போடத் தெரிந்த நாம், அந்தக் கதிரைக்காரரின் மீதி நாளைப் பற்றி யோசிப்பதில்லை. சுபஹுக்குப் பிறகு விறாந்தையில் உட்கார்ந்தால் இஷா வரை அதே பிளாஸ்டிக் கதிரைதான்.

வாப்பா ஆரம்பத்தில் மூன்று நிமிடத்தில் களைத்துப்போனார். வலது பாதத்தைப் பெடலில் பட்டியால் கட்டிவிடுவோம். இடது கால் மிதிக்கும்போது வலது காலும் கூடவே சுற்றிவரும். இப்போது பத்து நிமிடம் செய்கிறார். எத்தனை சுற்று என்று எண்ணுவது என் சின்ன மகளின் வேலை. மூத்தாப்பா ஏமாற்றினால் விடமாட்டாள். இதனால் எல்லாம் சுகமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தானே ஒன்றைச் செய்கிறேன் என்ற முகம் வாப்பாவுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

தயவுசெய்து இரண்டு விடயம் கவனியுங்கள். வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்காமல் தொடங்க வேண்டாம். பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்களுக்கு அளவு வேறு. நெஞ்சு நோவு, தலைச்சுற்று, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். கதிரையும் சில்லு இல்லாத, சரியாத, உறுதியான கதிரையாக இருக்க வேண்டும்.

நிர்வாகசபையினருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளியில் இரவலாகக் கொடுக்கும் சாமான்களில் சக்கர நாற்காலியும் கட்டிலும் இருக்கின்றன. இரண்டும் இருக்கவும் படுக்கவும்தான். அவற்றோடு நாலைந்து பெடல் கருவியும், தோளுக்குக் கயிறு இழுக்கும் கப்பியும் சேர்த்தால் எத்தனை வீட்டுக்குப் பிரயோசனம்! பாவித்து முடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்திருப்பவர்கள் தந்துதவலாம். அது ஸதகா. மாமாவுக்கும் முழங்கால் நோவு. முதல் இரவல் அவருக்கே கிடைக்கட்டும் என்று பகிடியாகச் சொல்லியிருக்கிறேன்.

நமது பெற்றோரைச் சும்மா இருக்க வைப்பதை மட்டும் அன்பு என்று நினைத்துவிட வேண்டாம். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவைத் தருவானாக. ஆமீன்.

தேவைப்படும் வீடுகளுக்கு எத்தி வையுங்கள்.