நோவின் அளவுகோல் யாரிடம் இருக்கிறது?

குத்து, உளைவு, கடுப்பு, எரிவு என்று நோவுக்கு நம் பேச்சில் பல பெயர்கள் உண்டு. இப்னு சீனா (980–1037) தமது ‘அல்-கானூன்’ மருத்துவ நூலில் நோவை 15 வகையாகப் பிரித்தார். நோவை மரத்துப்போகச் செய்யும் மருந்துகளுள் அபினே மிக வலியது என்றும் எழுதினார். ஆனால், ஒரு செடியின் பால் மனிதனின் நோவை எப்படித் தணிக்கிறது? இதற்கு விடை கிடைக்க ஏறத்தாழ ஆயிரம் வருடங்கள் சென்றன.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனிய மருந்தாளர் சேர்டூனர் அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். 1973இல் அமெரிக்காவின் கண்டேஸ் பேர்ட்டும் சொலமன் ஸ்னைடரும், மோர்பின் வந்து பொருந்தும் இடங்கள் மூளையில் இருப்பதைக் காட்டினர். பூட்டு உடம்புக்குள் இருக்கிறதென்றால் திறப்பும் அங்கேதானே இருக்க வேணும்? 1975இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜோன் ஹியூஸும், ஹிட்லரின் ஜேர்மனியை விட்டு வந்த ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸும் அந்தத் திறப்பை அடையாளம் கண்டனர். பன்றி மூளைகளிலிருந்து அவர்கள் பிரித்த அந்தப் பொருளுக்கு என்கெஃபலின் என்று பெயர். ஐந்து அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. மூளை தனக்குத்தானே செய்துகொள்ளும் மருந்து. உடம்பின் நொதியங்கள் அதை வெகு விரைவில் வெட்டியும் விடுகின்றன.

இந்த மருந்து எல்லாருக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. டொபமின் போன்ற மூளை இரசாயனங்களைச் சிதைக்கும் ‘கொம்ட்’ என்றொரு நொதியம் உண்டு. பரம்பரையலகில் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றத்தால் சிலருக்கு அது வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் இயங்குகிறது. 2003இல் சுபியேட்டா என்பவரின் தலைமையில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தொண்டர்களின் தாடைத் தசையில் உப்புக் கரைசலைச் செலுத்திப் பார்த்தனர். மெதுவான வடிவத்தைத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் கூடுதலாக நோவை உணர்ந்தார்கள். அவர்களது மூளையில் அந்த இயற்கை மருந்தின் செயலும் குறைந்தே காணப்பட்டது. நோவைக் கூட்டிக் குறைக்கும் காரணங்களில் இது ஒன்றுதான். பயமும் கவலையும் தூக்கமின்மையும் கூட அதில் சேரும்.

வகுப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் பிள்ளையிடம், “சும்மா நடிக்காத” என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறோம்! பிரசவ நோவில் கத்துகிற பெண்ணை, “மத்தவங்க பெறல்லையா?” என்று கேட்கிறோம். மற்றவர் தாங்கிய நோ வேறு, இவள் படும் நோ வேறு. பொறுமை நல்ல குணம்தான். ஆனால், அடுத்தவரின் நோவை அளக்கும் கோல் அதுவல்ல. நோகிறது என்று ஒருவர் சொன்னால், முதலில் அதை நம்புவோம்.