இதயச் சுவரில் இல்லாத துளை

சில மாதங்களுக்கு ஒருமுறை நம் கைப்பேசிகளை ஒரு செய்தி வந்தடைகிறது. இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி அல்லர்; அவருக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் மருத்துவர் ஒருவர் அதைக் கண்டறிந்து எழுதிவிட்டார்; மேற்குலகம் அதைத் திருடி மறைத்துவிட்டது என்பதே அச்செய்தியின் சாரம். நாமும் பெருமிதத்தோடு அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கச் சென்றுவிடுகிறோம். அந்த மருத்துவர் எதைக் கண்டார், எதைக் காணவில்லை, அவருடைய நூலை மறைத்தவர்கள் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? அச்செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியோ நமக்கு அத்துணை இனிப்பாக இல்லை.

அவர் பெயர் அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குறஷீ. வரலாறு அவரை இப்னுன் நஃபீஸ் (ரஹ்) என்று அறிகிறது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது கி.பி. 1210ஆம் ஆண்டையொட்டி, ஷாம் நாட்டில் பிறந்தவர். திமிஷ்க் என்னும் டமாஸ்கஸ் நகரில் சுல்தான் நூருத்தீன் ஸங்கி 1154ஆம் ஆண்டில் நிறுவிய நூரி மருத்துவமனையில் கல்வி கற்றவர். அக்காலத்தின் பெரும் மருத்துவ ஆசிரியரான அத்தக்வார் அவருக்கு ஆசான். பின்னர் கெய்ரோவில் குடியேறி, எகிப்தின் தலைமை மருத்துவர் என்னும் பொறுப்பு வரை உயர்ந்தார்.

அவர் மருத்துவர் மட்டும் அல்லர். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹைப் போதித்தவர். இமாம் ஷீராஸீயின் ‘அத்தன்பீஹ்’ என்னும் சட்ட நூலுக்கு விரிவுரை எழுதியவர். இமாம் சுப்கீ (ரஹ்) தாம் தொகுத்த ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றில் இவருக்கும் இடம் அளித்திருக்கிறார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் கடற்கரை ஊர்களில் வழிவழியாகப் பின்பற்றப்படும் அதே மத்ஹபின் அறிஞர்தாம், மனித இதயத்தைப் பற்றிய ஆயிரம் ஆண்டுக் கருத்தை மறுத்தவர். மார்க்கக் கல்வி ஒரு கரை, மருத்துவக் கல்வி மறு கரை என்று பிள்ளைகளைப் பிரித்து நிறுத்தும் நமக்கு இது சற்று விந்தையாகவே தோன்றும். அவர் காலத்தில் அது விந்தையாக இருக்கவில்லை.

அவர் மறுத்த கருத்து எது என்பதை அறிய, முதலில் உடலுக்குள் நிகழ்வதைச் சுருக்கமாகக் காண வேண்டும். வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. உடலெங்கும் சென்று ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுக் கருஞ்சிவப்பாகத் திரும்பும் இரத்தம், சிரைகளின் வழியே இதயத்தின் வலப்பக்கத்தை அடைகிறது. வலது வெண்ட்ரிக்கிள் அதை நுரையீரல் தமனியின் வழியே நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. அவை ஒவ்வொன்றையும் மயிரினும் மெல்லிய தந்துகிகள் வலைபோலச் சூழ்ந்திருக்கின்றன. நாம் இழுத்த மூச்சிலுள்ள ஆக்சிஜன் அந்த மெல்லிய சுவரைக் கடந்து இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. கார்பன் டை ஆக்சைடு எதிர்த்திசையில் வெளியேறுகிறது. ஒளிர்சிவப்பாகிய அந்த இரத்தம் நுரையீரல் சிரைகளின் வழியே இதயத்தின் இடப்பக்கம் வந்து, அங்கிருந்து பெருந்தமனியின் வழியே மீண்டும் உடலெங்கும் பாய்கிறது. ஓய்வாக அமர்ந்திருக்கும்போதுகூட, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் உடலிலுள்ள இரத்த அளவு முழுவதும் நுரையீரலைக் கடந்துவிடுகிறது. மூச்சும் இரத்தமும் சந்திக்கும் இடம் நுரையீரல். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்திற்குச் செல்ல அதுவன்றி வேறு வழி இல்லை.

இன்று பள்ளிப் பாடநூலில் உள்ள இச்செய்தி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எவருக்கும் தெளிவாகத் தெரியாதிருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், உணவிலிருந்து கல்லீரலில் இரத்தம் உற்பத்தியாகிச் சிரைகளின் வழியே உறுப்புகளுக்குச் சென்று அங்கேயே செலவாகிவிடுகிறது என்று கருதினார். அதில் ஒரு பகுதி இதயத்தின் வலப்பக்கத்திற்கு வருகிறது. இடப்பக்கத்திலும் இரத்தம் இருக்கிறதே, அது எப்படி அங்கே சென்றது? இரு வெண்ட்ரிக்கிள்களுக்கும் நடுவே உள்ள இடைச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன, அவற்றின் வழியே கசிந்து செல்கிறது என்று அவர் விடை கூறினார். கேலன் பெரும்பாலும் குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்துப் பார்த்தே எழுதியவர். ஆயினும் அவர் சொல் மருத்துவத்தில் சட்டமாகிவிட்டது. இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ இதயத்தின் செயலை விளக்கும்போது பெரிதும் அந்த மரபையே ஏற்றது. அரிஸ்டாட்டிலைத் தழுவி இதயத்திற்கு மூன்று அறைகள் என்றும் உரைத்தது. பல நூற்றாண்டுகள் மருத்துவ மாணவர்களுக்குக் கானூனே அடிப்படை நூல். அதை மறுப்பது எளிய செயலன்று.

இப்னுன் நஃபீஸ் கானூனின் பல இடங்களில் சிதறிக்கிடந்த உடற்கூறு பற்றிய பகுதிகளை ஓரிடத்தில் திரட்டி, அவற்றுக்கு ஓர் உரை எழுதினார். ‘ஷரஹு தஷ்ரீஹில் கானூன்’ என்பது அதன் பெயர். இன்றும் எஞ்சியுள்ள ஒரு படி ஹிஜ்ரி 640, அதாவது 1242ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆகவே அதை எழுதியபோது அவருக்கு வயது முப்பதையொட்டித்தான் இருந்திருக்கும். இதயத்துக்கு இரண்டே வெண்ட்ரிக்கிள்கள் என்றார். அவற்றின் இடையே உள்ள சுவர் தடித்தது. கண்ணுக்குத் தெரியும் துளையும் அதில் இல்லை, கேலன் சொல்லும் தெரியாத துளையும் இல்லை என்றார். ஆதலால் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்றே தீர வேண்டும்; அங்கே அது பரவிக் காற்றோடு கலந்து, தூய்மையடைந்து, இடப்பக்கத்தை அடைய வேண்டும். நுரையீரலுக்குச் செல்லும் குழாய் ஏன் தடித்த சுவருடையது, அங்கிருந்து வரும் குழாய் ஏன் மெல்லியது என்பதற்கும் அவர் காரணம் தேடினார்: முன்னதிலிருந்து நுண்ணியது மட்டுமே கசிய வேண்டும்; பின்னது அக்கசிவை எளிதில் ஏற்க வேண்டும். இவ்விரு குழாய்களுக்கும் இடையே வழிகள் இருக்கின்றன என்றும் எழுதினார். நுண்ணோக்கி தோன்றாத காலத்தில் எழுதப்பட்ட வரி அது. 1661ஆம் ஆண்டில் இத்தாலியரான மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துத் தந்துகிகளைக் கண்ட பிறகே அவ்வழிகள் மனிதக் கண்ணுக்குப் புலப்பட்டன.

மற்றொரு திருத்தமும் அதே நூலில் உண்டு. இதயம் தன் வலது அறையில் நிறைந்துள்ள இரத்தத்திலிருந்தே ஊட்டம் பெறுகிறது என்பது இப்னு சீனாவின் கருத்து. அவ்வாறில்லை, இதயத்தின் தசைக்குள் பரவியிருக்கும் குழாய்களே அதற்கு ஊட்டம் அளிக்கின்றன என்றார் இப்னுன் நஃபீஸ். நம் வீடுகளில் ஒருவருக்கு மாரடைப்பு என்றதும் ஆஞ்சியோகிராம் எடுத்து மருத்துவர்கள் தேடும் அடைப்பு இந்தக் குழாய்களில்தான் இருக்கிறது.

உடலை அறுத்துப் பார்க்காமல் இவற்றை எப்படி அறிந்தார்? மார்க்கத்தின் தடையும் தம் இயல்பிலுள்ள இரக்கமும் உடலை அறுப்பதிலிருந்து தம்மைத் தடுத்துவிட்டன என்று அவரே முன்னுரையில் கூறுகிறார். ஆனால் உள்ளே சில இடங்களில், அறுத்துப் பார்த்தல் இக்கருத்தைப் பொய்ப்பிக்கிறது என்ற தொனியில் வாதிடுகிறார். அவர் விலங்குகளையேனும் அறுத்துப் பார்த்தாரா, முன்னோரின் நூல்களிலிருந்து தர்க்கத்தால் மட்டும் இம்முடிவுக்கு வந்தாரா என்பது குறித்து ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. எங்ஙனமாயினும், இப்னு சீனாவின் நூலுக்கு உரை எழுத அமர்ந்தவர், அந்நூலின் பக்கத்திலேயே அது தவறு என்று எழுதினார். அக்காலத்து உரையாசிரியர் ஒருவருக்கு அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, பெரியோர் சொல்லுக்கு மறுசொல் சொல்லத் தயங்கும் நம் சமூகத்தில் வளர்ந்தவர்கள் எளிதில் உணர்வார்கள்.

இனி, அந்தக் கைப்பேசிச் செய்தியின் மீதிப் பாதிக்கு வருவோம்.

இப்னுன் நஃபீஸ் கண்டது நுரையீரல் வழியிலான இரத்தப் பாதையை. முழுச் சுற்றோட்டத்தை அன்று. இரத்தம் கல்லீரலில் உற்பத்தியாகிறது என்பதையும், இதயத்தின் இடப்பக்கத்தில் உருவாகும் உயிராற்றல் தமனிகளின் வழியே உடலெங்கும் பரவுகிறது என்பதையும் அவர் ஏற்றிருந்தார். சென்ற இரத்தம் அப்படியே திரும்பி வருகிறது என்று அவர் எழுதவில்லை. அதைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஹார்வியே. இதயம் ஒருமுறை துடிக்கும்போது வெளியேறும் அளவைத் துடிப்பின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்த அவர், அரை மணி நேரத்தில் உடலிலுள்ளதைவிட அதிக இரத்தம் இதயத்தைக் கடப்பதை உணர்ந்தார். உண்ணும் உணவிலிருந்து இவ்வளவு இரத்தம் உண்டாக இயலாது. ஆகவே அதே இரத்தம்தான் சுற்றி வருகிறது. 1628ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலின் பெருமையை அவருக்கே விட்டுவிடுவது நீதி. நாம் நம்முடையதைக் கேட்பதற்கும் அந்த நீதியே தகுதி தருகிறது.

திருட்டு என்ற குற்றச்சாட்டோ? ஐரோப்பாவில் நுரையீரல் பாதையை முதலில் அச்சில் எழுதியவர் மைக்கேல் செர்வெட்டஸ். 1553ஆம் ஆண்டில், தம் மார்க்கக் கருத்துகளுக்காக ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டவர் அவர். எரிப்பதற்குக் காரணமான அதே நூலில்தான் அந்த மருத்துவப் பகுதியும் இருந்தது. 1559இல் ரெயால்டோ கொலம்போவும் அதை எழுதினார். திமிஷ்க்கில் பல்லாண்டுகள் வாழ்ந்த அல்பாகோ என்ற இத்தாலிய மருத்துவர், இப்னுன் நஃபீஸின் உரையில் ஒரு பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். அது 1547இல் வெனிஸ் நகரில் அச்சானது உண்மை. ஆனால் அச்சான பகுதி கூட்டு மருந்துகளைப் பற்றியது. இதயத்தைப் பற்றியது அன்று. வாய்மொழியாகச் செய்தி சென்றிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. கருதுவது வேறு, சான்று வேறு. சான்றில்லாமல் ஒருவரைக் கள்வர் என்று சொல்ல நம் மார்க்கமும் அனுமதிக்கவில்லை.

ஆகவே அந்நூலை மறைத்தவர்கள் யார் என்ற கேள்வி நம் பக்கமே திரும்புகிறது. இப்னுன் நஃபீஸ் ‘மூஜஸுல் கானூன்’ என்ற பெயரில் கானூனின் சுருக்கம் ஒன்றையும் தந்திருந்தார். அது பெரும் புகழ் பெற்றது. அதற்கு உரைகள், அவ்வுரைகளுக்கு விளக்கங்கள் என்று நூற்றாண்டுக்கணக்கில் பெருகின. இந்தியாவின் யூனானி மாணவர்களும் அவ்வுரைகளை ஓதியே ஹகீம்களானார்கள். அவற்றுள் ‘நஃபீஸீ’ என்று வழங்கும் உரை இவருடையது என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அது பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த நஃபீஸ் இப்னு இவள் அல்கிர்மானீ என்ற வேறொருவர் எழுதியது. இவ்வளவு பரவிய அந்தச் சுருக்கத்தில் ஒரு குறை இருந்தது. நோய்களையும் மருந்துகளையும் சுருக்கித் தந்த அந்நூல், உடற்கூற்றையும் உடல் இயங்கும் முறையையும் விட்டுவிட்டது. அதாவது, ஆசிரியரின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அவருடைய மிகப் புகழ்பெற்ற நூலில் இல்லை. பிற்கால உரையாசிரியர் சிலர் பெரிய உரையிலிருந்து அக்கருத்தை எடுத்துக் காட்டினார்கள் என்பது மெய். அவர்களைத் தொடர்ந்து எவரும் ஒரு படி மேலே செல்லவில்லை. தேர்வுக்கும் தொழிலுக்கும் சுருக்கம் போதுமானதாக இருந்தது. உரைநூல் நூலகங்களில் உறங்கியது. கையேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மூலநூலைத் திறக்காத வழக்கம் இன்றைய மாணவர்களோடு தோன்றியது என்று நாம் இனியும் குறைபட்டுக்கொள்ள முடியாது.

அம்மாமனிதரின் இறுதி நாட்களைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இரண்டு செய்திகளைப் பதிந்துள்ளார்கள். நோயுற்றுக் கிடந்தபோது, மருந்தாகச் சிறிது மதுவை அருந்துமாறு சக மருத்துவர்கள் அறிவுறுத்தினார்கள். மது உடலில் இருக்கும் நிலையில் அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்று அவர் மறுத்துவிட்டார். மற்றொன்று, தம் வீட்டையும் நூல்கள் அனைத்தையும் கெய்ரோவின் மன்ஸூரி மருத்துவமனைக்கு அவர் வழங்கிச் சென்றது. சுல்தான் கலாவூன் முன்பு திமிஷ்க்கில் நோயுற்று, நூரி மருத்துவமனையின் மருந்துகளால் குணமடைந்து, அதற்கு நேர்ச்சையாக 1284இல் எழுப்பிய மருத்துவமனை அது. காய்ச்சலுக்கும் கண்ணுக்கும் அறுவைக்கும் தனித்தனிக் கூடங்கள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் என்று வக்ஃபின் வருவாயில் இயங்கியது. ஹிஜ்ரி 687 துல்கஅதா 21, அதாவது 1288 டிசம்பர் 17ஆம் நாள் இப்னுன் நஃபீஸ் மறைந்தார்.

1924ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் மருத்துவம் பயின்ற முஹ்யித்தீன் அத்தத்தாவி என்ற எகிப்திய மாணவர், பெர்லின் நூலகத்திலிருந்த அவ்வுரையின் கையெழுத்துப் படியைத் தம் முனைவர் ஆய்வுக்காகப் படித்து, இதயச் சுவரில் துளை இல்லை என்ற பகுதியை வெளிக்கொணர்ந்தார். கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மானியக் கண் மருத்துவரும் வரலாற்றாசிரியருமான மாக்ஸ் மையர்ஹோஃப் அதை ஆராய்ந்து உலகறியச் செய்தார். அதன் பிறகும் அரபு மூலம் முழுமையாகச் செப்பம் செய்யப்பட்டுக் கெய்ரோவில் அச்சேற 1988ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் மறைந்து அப்போது 700 ஆண்டுகள் ஆகியிருந்தன.