பொறிக்கும் பொருத்தம் வேண்டும்

பொருத்தம் என்னும் சொல்லை நம் இல்லங்களில் திருமணப் பேச்சு எழும்போதே மிகுதியாகக் கேட்கின்றோம். மணமகன் நல்லவன், மணமகளும் நல்லவள். ஆயினும் இருவரும் இசைந்து வாழ்வரோ என்று மூத்தோர் உசாவுவர். பொறிகளின் உலகிலும் இவ்வினா உண்டு. குற்றமற்ற இரு பொருள்களை ஒன்றாகப் பூட்டிவிட்டால் மட்டும் நல்ல எஞ்சின் ஆகிவிடாது. ஒன்றன் இயல்பை மற்றொன்று அறிந்திருத்தல் வேண்டும். எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டருக்கும் அதனை ஆளும் கணிப்பொறிக்கும் இடையே இப்பொருத்தம் வந்த வரலாற்றை இம்மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம்.

நந்திதுர்க்கில் வாழும் நமக்கு இப்பாடம் புதியதன்று. 1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் தொலைவு கம்பி வழியே தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்று அது. நீர்ச்சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனத்தில் உருவாயின. மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து வந்தன. இத்திட்டத்திற்கு வித்திட்ட திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் 1901-இல் மறைந்தார். அதன் நிறைவைக் கண்ணால் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

அம்மின்சாரம் நொடிக்கு 25 சைக்கிள் உடையது. அமெரிக்காவின் நயாகரா நீர்வீழ்ச்சியில் 1895-இல் எழுந்த மின்நிலையமும் அதே அளவையே கொண்டிருந்தது. பிற்காலத்தில் இந்தியா முழுமைக்கும் 50 சைக்கிள் பொது அளவாயிற்று. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் நான்கு துருவ மோட்டார் ஒன்று 25 சைக்கிளில் நிமிடத்திற்கு ஏறக்குறைய 750 முறை சுழலும்; 50 சைக்கிளிலோ ஏறக்குறைய 1,500 முறை சுழலும். 50 சைக்கிளுக்கெனச் சுற்றப்பட்ட மோட்டாரை அதே வோல்டேஜில் 25 சைக்கிள் மின்சாரத்தில் இணைத்தால், அது அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு சுருள் வெந்துபோகும். மோட்டாரிலும் குற்றமில்லை, மின்சாரத்திலும் குற்றமில்லை. பொருத்தமின்மையே குற்றம்.

இனி எரிபொருளின் கதைக்கு வருவோம். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். அதில் எண்ணெயை உள்ளே செலுத்தியது அழுத்தப்பட்ட காற்று. அக்காற்றை ஆக்குவதற்கெனத் தனியே ஒரு கம்ப்ரஸரும் வேண்டியிருந்தது. அச்சுமையை நீக்கியது ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் பெருவாரியாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பம்பு. எண்ணெயைத் தானே அளந்து, தானே அழுத்தி, நாசில் வழியாகப் பீச்சவைத்த அப்பம்பினால் டீசல் எஞ்சின் லாரிகளில் பரவியது. அந்நிறுவனத்தின் துணையுடன் 1951-இல் பெங்களூரில் தோன்றிய மைக்கோ தொழிற்சாலையை அறியாத குடும்பம் நம் காலனியில் அரிது.

அந்நாள்களில் பம்பையும் நாசிலையும் பொருத்தியது தொழிலாளியின் கை. சோதனை மேடையில் பம்பை ஓட்டிக் கண்ணாடிக் குழாய்களில் எண்ணெயைப் பிடித்து, எல்லாக் குழாய்களிலும் மட்டம் ஒன்றாக நிற்கும் வரை திருத்துவர். நாசில் திறக்கும் அழுத்தத்தை மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் சரிசெய்வர். பழகிய மெக்கானிக்கின் செவிக்கு எந்தச் சிலிண்டர் பிசகுகின்றது என்பது ஓசையிலேயே விளங்கிவிடும்.

1967-இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு முறைப் பெட்ரோல் பீச்சல் வோக்ஸ்வாகன் கார்களில் வந்தது. அது முதல் கட்டளையிடும் பணி மின்பெட்டி ஒன்றனிடம் சேர்ந்தது. அப்பெட்டி எண்ணெயைக் காண்பதில்லை. காலத்தை மட்டுமே அறியும். ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரம் திறந்திரு என்று அது ஆணையிடும். அந்நேரத்தில் எவ்வளவு எண்ணெய் பாய்ந்தது என்பதோ இன்ஜெக்டரின் தனி இயல்பு. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு இன்ஜெக்டர்களும் முற்றும் ஒத்திரா. ஒன்று இம்மியளவு மிகுதியாகவும் மற்றொன்று இம்மியளவு குறைவாகவும் பீச்சும். 1976-இல் வால்வோ கார்களில் வந்த ஆக்சிஜன் சென்சார் புகையைச் சோதித்து மொத்த அளவைத் திருத்தியது. ஆயினும் சிலிண்டர்தோறும் உள்ள வேற்றுமை அதனால் முற்றும் நீங்கிவிடவில்லை.

இவ்வேற்றுமை எத்துணைக் கொடியதாகலாம் என்பதைக் கனடா நாட்டின் பனிவண்டி காட்டும். ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1959-இல் விற்பனைக்குக் கொணர்ந்த ஸ்கி-டூ வண்டி, பனி மூடிய ஊர்களுக்குக் கால்நடையாகவே நின்றது எனலாம். மனித நடமாட்டமற்ற பனிவெளியில் எஞ்சின் நின்றால் உயிருக்கே இடர். அவ்வண்டிகளில் 2009-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ஈ-டெக் எஞ்சின், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சுவது. எண்ணெய் குறைந்தால் பிஸ்டனின் தலை வெந்து உருகும்; மிகுந்தால் பிளக்கில் கரி படிந்து எஞ்சின் திணறும். ஆகவே அந்த இன்ஜெக்டர் ஒவ்வொன்றையும் தொழிற்சாலையில் தனித்தனியே ஓட்டி அளந்து, அதன் இயல்பை எண்களாக்கி, அதற்குரிய வரிசை எண்ணுடன் ஒரு கோப்பாகச் சேர்த்துவைத்தனர். புதிய இன்ஜெக்டரைப் பூட்டுவோர் அக்கோப்பை எஞ்சினின் கணிப்பொறியில் ஏற்றவேண்டும். இரண்டு இன்ஜெக்டர்களைச் சிலிண்டர் மாற்றி வைத்தாலும் கணிப்பொறிக்கு அதனை அறிவித்தாக வேண்டும். இஃது அவ்வெஞ்சினுக்கு எழுதப்பெற்ற சாதகக் குறிப்பு.

பனி காணாத நம் பகுதிக்கு இதனால் ஆவது என்ன என்று வினவலாம். 1997-இல் ஐரோப்பியக் கார்களில் வந்த காமன் ரெயில் டீசல் முறை இன்று நம் சாலைகளிலும் ஓடுகின்றது. அதன் இன்ஜெக்டர்கள் பலவற்றின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி பொறிக்கப்பட்டிருக்கும். புதியதைப் பூட்டும்போது அக்குறியை ஸ்கேனர் கருவியால் கணிப்பொறியில் பதிதல் வேண்டும். பதியாவிடில் எஞ்சின் ஓடும். ஆனால் நடுங்கும், புகைக்கும், டீசலை வீணாக்கும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்தபின், பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டர் மறைந்து இன்ஜெக்டர் அமர்ந்துவிட்டது.

தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அதன்பின் நம் காலனிகளிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். 1964-இல் நிறுவப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் நம் வயலிலேயே புல்டோசர்களை ஆக்குகின்றது. எங்குச் சென்று பணிபுரியினும் எஞ்சினைத் தொடுபவன் இனி ஸ்பானரை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. செவியால் அறிந்தவற்றுள் ஒரு பகுதி எண்ணாக மாறிவிட்டது. அவ்வெண்ணைப் பதியும் கருவியோ விலை மிக்கது. சில எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளரின் இசைவின்றிப் பதியவும் இயலாது. இதனால் சிறு பட்டறைகள் பெரிய சர்வீஸ் நிலையங்களின் வாயிலில் கைகட்டி நிற்கும் நிலை தோன்றுகின்றது. நம்மவர் பிழைப்பு இதில் அடங்கியிருக்கின்றது.

ஆகவே நம் இளைஞர்க்கு இரண்டு சொல்வோம். இன்ஜெக்டரைக் கழற்றுமுன் அது எந்தச் சிலிண்டருக்குரியது என்பதையும் அதன் குறியையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். புதியதைப் பூட்டியபின் குறி பதிந்ததா என்று சரிபார்த்த பிறகே வண்டியை உரியவரிடம் ஒப்படையுங்கள். ஸ்கேனரைத் தனியே வாங்க இயலாத பட்டறைக்காரர் நால்வர் சேர்ந்து ஒன்று வாங்குதல் இயலாததன்று. பழைய மெக்கானிக்குகளின் செவியும் வேண்டும். புதியோரின் எண்ணறிவும் வேண்டும். ஏனெனில் ஸ்கேனர் எண்ணைக் காட்டும். எஞ்சின் நடுங்குகின்றதா என்பதை அருகில் நிற்கும் மனிதனே முதலில் உணர்கின்றான். தந்தையின் செவியறிவும் மகனின் எண்ணறிவும் ஒரே பட்டறையில் கூடுமாயின், அதுவே இக்காலத்திற்கேற்ற பொருத்தம்.